குன்னூர்க் குளிரில் மாவு

டிச. 11, வியாழன்
மாவு பொங்கவில்லை.

டிச. 12, வெள்ளி
14 மணி நேரம் ஆச்சு, நேற்று ஊற்றிய மட்டத்திலேயே கிடக்கிறது. நாக்கில் வைத்தால் புளிப்பே இல்லை, பச்சை உளுந்து வாடை. அளவில் தப்பில்லை: இட்லி அரிசி 4 டம்ளர், முழு உளுந்து 1 டம்ளர், வெந்தயம் 1 தேக்கரண்டி. கீழே கோயம்புத்தூரில் இதே மாவு 8 மணி நேரத்தில் மூடியைத் தூக்கிவிடும். தப்பு தண்ணீரில். அங்கே கிரைண்டர் சூடேறக் கூடாதென்று ஜில் தண்ணீர் தெளித்து அரைக்கிற பழக்கம்; இங்கே குழாய்த் தண்ணீரே ஐஸ். உளுந்தோடும் அரிசியோடும் வருகிற நுண்ணுயிர்தான் மாவைப் புளிக்க வைக்கிறது, அதற்கு 30 டிகிரி பக்கமாவது சூடு வேண்டும்.

இதை இட்லியாக ஊற்றினால் கல். மெல்லிசா தோசை வார்த்தாச்சு. அத்தைக்கு இரண்டு வாய் இறங்கியது.

டிச. 13, சனி
கஞ்சிதான். நொய் அரை டம்ளர், வறுத்த பாசிப்பருப்பு 2 மேசைக்கரண்டி, பூண்டு 6 பல், சீரகம், கொஞ்சம் வெந்தயம், தண்ணீர் 4 டம்ளர். திறந்த பாத்திரம் வேண்டவே வேண்டாம். இந்த உயரத்தில் தண்ணீர் 94 டிகிரி பக்கமே கொதித்துவிடும். கொதிக்கிறதே என்று நம்பினால் பருப்பு முழித்துக்கொண்டு நிற்கும். குக்கரில் 6 விசில், ஆவி தானாக அடங்கட்டும், உப்பு கடைசியில். ஆற ஆற இறுகும், பக்கத்திலேயே வெந்நீர் இருக்கணும். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் கஞ்சி தனி, தண்ணீர் தனி.

தொட்டுக்க பருப்புத் துவையல். புளி இல்லாமல், தொண்டைக்காக.

டிச. 14, ஞாயிறு
போன் வரவில்லை. நாள் முழுக்க மூடுபனி.

டிச. 15, திங்கள்
மறுபடி மாவு. வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டையும் தனித்தனியாக 6 மணி நேரம் ஊறப் போட்டேன். உளுந்து அரைக்கவும் அதே சூட்டுத் தண்ணீர், கை கையாகத் தெளித்து 30 நிமிஷம். ஒரு சொட்டு மாவைத் தண்ணீரில் விட்டால் மிதக்கணும். மூழ்கினால் இன்னும் ஓடட்டும். பழைய உளுந்தானால் எவ்வளவு ஓட்டினாலும் பந்தாக வராது. அரிசி சன்ன ரவை பதம், கூடவே ஒரு பிடி சோறு. உப்பு இப்போது இல்லை, அது புளிப்பை இழுத்துப் பிடிக்கும். குளிர் ஊரில் விடிந்ததும் போட்டால் போதும். கையால்தான் கலக்கணும், பாத்திரத்தில் பாதிக்கு மேல் கூடாது.

அண்டாவில் கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர், அதற்குள் மாவுப் பாத்திரம், மேலே கம்பளி. கை பொறுக்காத சூடானால் ஓரத்து மாவு வெந்து கட்டியாகும். ராத்திரி 9 மணி.

டிச. 16, செவ்வாய்
காலை 5. கோயில் ஸ்பீக்கரில் திருப்பாவை. கம்பளிக்குள் கை விட்டால் அண்டா ஆறிப் போயிருக்கிறது. மாவு இரண்டு விரல் ஏறியிருக்கு. வெந்நீர் மாற்றினேன்.

8 மணி. நாலு விரல்.

11 மணி. விளிம்பு வரை! உப்பை ஓரமாகப் போட்டு அடியிலிருந்து இரண்டே தடவை புரட்டினேன். போட்டுக் கலக்கினால் ஏறிய காற்றெல்லாம் போச்சு. துணி போட்ட தட்டு, 10 நிமிஷ இட்லிக்கு இங்கே 15. இறக்கி 3 நிமிஷம் பொறுத்துத் தண்ணீர் தெளித்தால் துணி தானாக விட்டுக்கொடுக்கும். பிட்டுப் பார்த்தால் உள்ளே தேன்கூடு.

அத்தை ஒன்றரை இட்லி. நல்லெண்ணெய் மட்டும், பொடி வேண்டாமாம்.

டிச. 17, புதன்
காலையில் பாதி இட்லி. மத்தியானம் மிளகு ரசம். மிளகும் சீரகமும் தேக்கரண்டி ஒன்று, புளி நெல்லிக்காய் அளவுதான். ஓரத்தில் நுரை கட்டி எழும்பும்போதே அடுப்பை அணைக்கணும். தளதளன்னு கொதிக்க விட்டதில் வாசம் போய்விட்டது. கவனம் போனில்.

டிச. 18, வியாழன்
மாவு இன்னும் 2 டம்ளர் இருக்கு. ஃபிரிட்ஜ் வேண்டாம், இந்த ஊரில் சமையல் மேடையே போதும். அண்டாவுக்குத் தண்ணீர் வைத்திருக்கிறேன்