பூட்டன் பெயரில் இருக்கும் 'ஞா'

பெரிய மாமா வீட்டில் ஒரு பழைய வேதாகமம் உண்டு. எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் வழக்கமாகச் செய்வதுபோல, முன்பக்க வெற்றுத்தாளில் குடும்பத்தின் பிறப்பு இறப்பெல்லாம் மையால் எழுதி வைத்திருக்கிறார்கள். தாத்தாவின் பிறந்த நாள்வரை ஒழுங்காக இருக்கிறது. அதற்கு மேலே இருந்ததைக் கரையான் தின்றுவிட்டது. பூட்டன் எந்த ஊரில் பெண் எடுத்தார், அவருடைய அப்பா பெயர் என்ன என்பதெல்லாம் அந்த ஓட்டையோடு போயிற்று. எங்கள் ஊர் சபைகளைக் கவனிக்கும் சேகர அலுவலகத்தில் போய்க் கேட்டேன். பழைய பதிவேட்டைத் தேடி எடுக்கணும், அடுத்த வாரம் வாங்க என்றார்கள். மூன்று விடுமுறையில் மூன்று அடுத்த வாரம் கேட்டதும் விட்டுவிட்டேன்.

நான் இருப்பது டென்வரில். கூட வேலை பார்ப்பவர் ஒருவர், "எட்டு மணி நேரம் கார் ஓட்டினால் யூட்டா மாநிலத்து சால்ட் லேக் சிட்டி. அங்கே போய்ப் பாரேன்" என்றார். பாளையங்கோட்டைக் கல்யாணத்துக்கு யூட்டாவில் என்ன வேலை என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

விஷயம் இதுதான். அங்கே இருக்கும் மார்மன் சபையினருக்கு, இறந்துபோன முன்னோர்களுக்காக உயிரோடு இருப்பவர்கள் ஞானஸ்நானம் எடுக்கலாம் என்று ஒரு நம்பிக்கை. அதற்கு முன்னோர் பெயர் சரியாகத் தெரிய வேண்டும். அதற்காகவே 1894 நவம்பரில் யூட்டா வம்சாவளிச் சங்கம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். சங்கத்தின் நூலகம் முதலில் சபை அலுவலகத்தில் ஓர் அறைக்குள் அடங்கியதுதான். 1938இல் மைக்ரோஃபிலிம், அதாவது பக்கங்களைச் சின்னதாக்கிப் படச்சுருளில் பிடிப்பது, எடுக்க ஆரம்பித்த பிறகு ஊர் ஊராக, நாடு நாடாகப் போய்ப் பதிவேடுகளைப் படம் பிடித்தார்கள். ஹரித்வாரில் யாத்திரை வருபவர்களுக்குச் சடங்கு செய்யும் பண்டாக்கள் வைத்திருக்கும் வம்சக் கணக்கு நோட்டுகளைக்கூட விடவில்லை. சேர்ந்த சுருள்களைப் பத்திரப்படுத்த 1960களில் ஊருக்கு வெளியே கருங்கல் மலையைக் குடைந்து பெட்டகம் கட்டினார்கள். சுமார் 24 லட்சம் சுருள்! அவற்றை டிஜிட்டல் ஆக்கும் வேலை 2021இல்தான் முடிந்தது. அந்த நம்பிக்கையில் எனக்கு ஒட்டுதல் கிடையாது. ஆனால் நம் சேகரத்து பீரோவுக்குக் கிடைக்காத பராமரிப்பு அந்த மலைக்குள் கிடைக்கிறதே என்று ஒரு வயிற்றெரிச்சல் வந்தது நிஜம்.

போவதற்கு முன் வீட்டிலேயே பாதி வேலையை முடித்துக்கொள்ளலாம். அந்தச் சபையின் வம்சாவளி இணையதளமான ஃபேமிலிசர்ச்சில் கணக்குத் தொடங்கக் காசில்லை. அட்டவணையில் ஊரின் இன்றைய பெயரைப் போட்டுத் தேடி ஒரு வாரம் வீணடித்தேன். டின்னவெல்லி, பாலம்கோட்டா என்று வெள்ளைக்காரன் எழுதியபடி தேட வேண்டும். இன்னொன்று, திருநெல்வேலிக்கு ஆங்கிலிக்கன் சபையில் தனிப் பேராயம் வந்ததே 1896இல்தான். எங்கள் பூட்டன் கல்யாணம் அதற்கு முந்தியது என்பதால் சென்னை மாகாணத்தின் கீழே பார்க்க வேண்டியிருந்தது. சென்னையிலிருந்து, இந்திய நிர்வாகத்தைக் கவனித்த லண்டன் இந்தியா ஆபீசுக்கு அனுப்பிய திருமணப் பதிவு நகல்களையும் இவர்கள் படம் எடுத்திருக்கிறார்கள். அதில் பெரும்பாலும் ஐரோப்பியர்களும் ஆங்கிலோ இந்தியர்களும்தான். நம்மவர்கள் இடையிடையே வருவார்கள். எனக்கு வேண்டிய சுருளைத் திறந்தால் பூட்டுப் படம். நூலகத்துக்கு நேரில் வந்தால்தான் பார்க்கலாமாம். சரி, கிளம்பிவிட்டேன்.

நூலகம், மார்மன் கோயில் வளாகத்துக்கு எதிரே, 1985இல் திறந்த கட்டடம். நுழைவுக் கட்டணம் இல்லை, என்ன மதம் என்று யாரும் கேட்கவில்லை. உதவிக்கு வந்த வயதான தன்னார்வலர் அம்மா முதலில் கேட்டது, "குடும்பப் பெயர் என்ன?" அப்படி ஒன்று எங்களுக்குக் கிடையாது, அப்பா பெயரின் முதல் எழுத்துத்தான் எங்கள் இனிஷியல் என்று விளக்கினேன். அந்தம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, குடும்பப் பெயர்ப் பெட்டியைக் காலியாக விடு, ஊரையும் வருடத்தையும் மட்டும் போடு என்றார். இது எனக்கு முன்னமே தோன்றியிருக்க வேண்டும்.

அடுத்த தொல்லை 'ஞா'. பூட்டன் பெயர் அதில்தான் தொடங்கும். ஆங்கிலத்தில் 'ஜி' போட்டுத் தேடினேன், 'என்' போட்டுத் தேடினேன், இரண்டையும் சேர்த்துத் தேடினேன். ஒன்றும் விழவில்லை. கடைசியில் தேடுவதை விட்டுவிட்டுப் பக்கம் பக்கமாகப் புரட்ட ஆரம்பித்தேன். மதியச் சாப்பாடு போயிற்று. மூன்றரை மணி வாக்கில் வந்தார் பூட்டன், 1891ஆம் வருடத்துப் பக்கத்தில், வாலும் இல்லாமல் தலையும் இல்லாமல் யானமுத்து மாதிரி ஏதோ ஒரு எழுத்துக்கூட்டலில். வயது 23. தொழில், பள்ளி ஆசிரியர். பெண்ணுக்கு வயது 17. குடும்பப் பெயர் கட்டத்தில் எழுத்தர் ஒரு கோடு இழுத்துவிட்டிருந்தார். அப்பா பெயர் கட்டத்தில், கரையான் தின்ற அந்தப் பெயர், முழுசாக.

கையெழுத்துக் கட்டத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பூட்டன், பூட்டி, சாட்சிகள், குருவானவர் எல்லாருடைய பெயரும் ஒரே கையெழுத்தில் இருந்தது. அப்போதுதான் உறைத்தது, இது நகல்தானே. பூட்டன் கைபட்ட எழுத்து இன்னும் அந்த 'அடுத்த வார' பீரோவில்தான் கிடக்கிறது, கரையான் விட்டிருந்தால். படத்தைப் பென் டிரைவில் சேமித்துக்கொண்டேன். போகிறவர்கள் கையோடு ஒன்று கொண்டுபோங்கள்.

அன்று ராத்திரி, ஊரில் விடிந்ததும் மாமாவைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன். அப்பா பெயரைக் கேட்டதும் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "பொண்ணு எந்த ஊருன்னு போட்டிருக்கு, மருமவனே?" என்றார்.

"மெஞ்ஞானபுரம், மாமா."

"நாசரேத் இல்லையா?"

"இல்ல. தெளிவாத்தான் எழுதியிருக்கு."

"அடப்பாவி, அந்த வழியில சொந்தம்னு சொல்லி நாசரேத்துக்காரங்க வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் நாப்பது வருசமா மொய் செஞ்சிட்டு வாரேனே!"

அத்தையிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம் என்று சொல்லிவிட்டு போனை வைத்தார்.