கிளிசரினா, மூடுபனியா?

சோப்பு முட்டை எவ்வளவு நேரம் உடையாமல் நிற்கிறது என்று பார்க்க ஒரு ஸ்டாப்வாட்ச் போதும் என்று நம்பித்தான் நானும் மகளும் தொடங்கினோம். முதல் கரைசலில் 200 மி.லி. தண்ணீரும் 10 மி.லி. பாத்திரம் கழுவும் திரவமும். இரண்டாவதில் கூடவே 10 மி.லி. கிளிசரின். கிளிசரின் ஈரத்தைப் பிடித்து வைக்கும், படலம் மெதுவாகக் காயும். விடை தெரிந்த கணக்கு.

சனிக்கிழமை வெயிலில் அப்படியே நடந்தது. ஞாயிறு மாலை பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறி, சன்னல் வழியே வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. கிளிசரின் இல்லாத முட்டை, முந்தைய நாளின் கிளிசரின் முட்டையைவிட நெடுநேரம் நின்றது. இரண்டு நாளும் நாங்கள் அளந்தது கொடைக்கானலின் வானிலையைத்தான்!

அதன்பிறகு இரண்டு வெப்பமானிகளை மாட்டினோம். ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றியிருக்கிறது. காற்று காய்ந்திருந்தால் அது குறைவாகக் காட்டும். மூடுபனியில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். அந்த வித்தியாசத்தை ஒவ்வொரு முறையும் குறித்துக்கொள்கிறோம். கரைசல்களையும் மாற்றி மாற்றி, ஒரே மணி நேரத்துக்குள் சோதிக்கிறோம்.

அடுத்த தலைவலி என் வாய். ஒரு முட்டை எலுமிச்சை அளவு, அடுத்தது சாத்துக்குடி அளவு. தவிர, மூச்சு சூடானது, ஈரமானது; அதிலுள்ள கரியமில வாயு படலத்தில் கரைந்து வெளியே கசியவும் செய்யும். எனவே ஸ்ட்ராவைத் தூக்கிப்போட்டு 60 மி.லி. சிரிஞ்சு வாங்கினேன். கரைசலால் நனைத்த கண்ணாடித் தட்டில் ஒரே தள்ளாகக் காற்றை விட்டால் அரைக்கோளம் எழும்புகிறது. கணக்குப்படி அதன் விட்டம் 6.1 செ.மீ. தட்டின் அடியில் வைத்த வரைபடத்தாளில் 6 முதல் 6.3 வரை வருகிறது. இந்த வாரத்தில் எனக்குப் பெருமை தந்தது இது ஒன்றுதான்.

"அப்பா, நீங்கள் ஊதத் தொடங்கியதும் ஸ்டாப்வாட்சை அழுத்துகிறீர்கள், நான் சிரிஞ்சை எடுத்த பிறகு அழுத்துகிறேன்" என்று மகள் சொன்ன பிறகே, பழைய பக்கங்களில் இரண்டு மூன்று விநாடி ஏன் இடித்தது என்று புரிந்தது. இப்போது அழுத்துவது அவள் மட்டும். சிரிஞ்சை எடுத்த பிறகுதான்.

உடையும் நேரம் இன்னமும் தாறுமாறாகத்தான் இருக்கிறது. ஒரு தூசி விழுந்தால் போதும். உடைவதற்கு முன் பல முட்டைகளின் உச்சியில் வண்ணங்கள் வடிந்து ஒரு கறுப்பு வட்டம் தோன்றுகிறது. படலம் அங்கே ஒளியின் அலைநீளத்தைவிட மிக மெல்லியதாகிவிட்டது என்று பொருள். அது தோன்றும் நேரம் ஓரளவு ஒழுங்காக வருவதால் அதற்கும் நோட்டில் ஒரு பத்தி போட்டிருக்கிறோம்.

பத்துப் பத்தாகச் செய்து சராசரிக்குப் பதில் இடைநிலை அளவை, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வருவதை, எடுக்கிறோம். நேற்று ஒரு முட்டை 214 விநாடி நின்றது. மற்றவை எதுவும் 90-ஐத் தாண்டவில்லை. அதை அடித்துவிடலாம் என்றேன். மகள் நோட்டைப் பிடுங்கி, அதன்மேல் நட்சத்திரம் போட்டு வைத்திருக்கிறாள்.