சீலோம் மாரியம்மனும் நாலு முகத்து பிரம்மாவும்

பாங்காக்கில் சாமி கும்பிட என்று தனியாகக் கிளம்ப வேண்டியதில்லை. அலுவலகம் போகிற வழியிலேயே நாலைந்து சாமி எதிர்ப்படும். வீட்டு வாசல், வங்கியின் மூலை, பெட்ரோல் பங்க் என்று எங்கு பார்த்தாலும் ஒற்றைத் தூணின் மேல் பொம்மை மாளிகை அளவில் ஒரு சன்னதி நிற்கும். அந்த மனையைக் காக்கும் தெய்வத்துக்கு இருப்பிடம் அது. எங்கள் சந்தில் கடை வைத்திருக்கும் பெண் தினமும் காலையில் அதன் முன் ஊதுபத்தி ஏற்றி, மல்லிகைச் சரம் சாத்தி, மூடி திறந்த சிவப்பு ஃபேன்டா பாட்டிலில் ஒரு ஸ்ட்ராவும் போட்டு வைத்துவிட்டுத்தான் ஷட்டரைத் தூக்குவார். பழைய காலத்து ரத்த பலியின் இடத்துக்கு வந்த சிவப்பு இது என்று சிலர் சொல்வார்கள். ஸ்ட்ரா எதற்கு என்று ஒருமுறை கேட்டேன். "அது இல்லாமல் எப்படிக் குடிப்பார்?" என்று என்னைத் திருப்பிக் கேட்டார்.

போன வருஷம் நவராத்திரிக்குப் பெரியம்மா வந்திருந்தார். தடுக்கி விழுந்தால் கோயில் வாசலில் விழுகிற கும்பகோணத்துக்காரர். கொலு வைக்காமல், கோயில் இல்லாத ஊரில் ஒன்பது நாளை எப்படித் தள்ளுவது என்ற கவலையோடுதான் விமானம் ஏறினாராம்.

விடிவதற்குள் முதல் ஆச்சரியம் வந்துவிட்டது. ஆறு மணி வாக்கில் பிக்குகள் எங்கள் சந்து வழியே பிட்சைக்கு வருவார்கள். வெறுங்கால், காவி, தோளில் தொங்கும் பாத்திரம். யாரிடமும் எதுவும் கேட்க மாட்டார்கள். கொடுக்கிறவர் காத்திருந்தால் நிற்பார்கள், இல்லையென்றால் நடந்துகொண்டே இருப்பார்கள். இதற்கென்றே முனையில் ஒரு அம்மா மேஜை போட்டு, ரப்பர் பேண்ட் கட்டிய சின்னப் பைகளில் சோறு, குழம்பு, கூடவே தண்ணீர் பாட்டில், தாமரை மொட்டு என்று தட்டுத் தட்டாக விற்கிறார். கொடுக்கும்போது செருப்பைக் கழற்றிவிட வேண்டும். பெண்கள் பிக்குவைத் தொடக் கூடாது. பாத்திரத்தில் வைத்துவிட்டு மண்டியிட்டால் பாலி மொழியில் வாழ்த்து ஓதுவார். நன்றி என்று ஒரு வார்த்தை வராது. புண்ணியம் சேர்க்க வாய்ப்புக் கொடுத்தவர் அவர்தானே, நன்றி சொல்ல வேண்டியது கொடுத்தவர் என்பது இங்குள்ள கணக்கு.

முட்டி வலியால் பெரியம்மாவுக்கு மண்டியிட முடியவில்லை. குனிந்து கைகூப்பினார். பக்கத்தில் ஒரு பெண்மணி, பிக்கு ஓதி முடிக்கும் வரை சின்னக் குவளையிலிருந்து கிண்ணத்துக்கு நீரை நூல்போல வார்த்தார். அப்புறம் அதை எடுத்துப்போய் மரத்தடியில் ஊற்றினார்.

"என்னடா அது?"

"செத்துப் போனவங்களுக்கு, தான் சேர்த்த புண்ணியத்துல பங்கு கொடுக்கிறாங்க பெரியம்மா."

"தர்ப்பணம் மாதிரியா? பொம்பளைங்களே பண்ணலாமா?"

"யார் வேணும்னாலும் பண்ணலாம்."

மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. மறுநாள் காலை எனக்கு முன்பே எழுந்து, சமையலறையிலிருந்து ஒரு எவர்சில்வர் டம்ளரை எடுத்துக்கொண்டு கீழே போய் நின்றிருந்தார். பெரியப்பா காலமாகி அப்போது ரொம்ப நாள் ஆகியிருக்கவில்லை.

சாப்பாட்டுக்குத்தான் நான் பயந்தேன். வெறும் கீரை வதக்கலில்கூட மீன் சாறு ஊற்றுகிற ஊர் இது. ஆனால் நல்ல வேளை, சீனர்களின் ஒன்பது நாள் சைவத் திருவிழாவும் பெரும்பாலும் நம் நவராத்திரியோடு சேர்ந்தே வரும். இரண்டும் ஒரே அமாவாசையை ஒட்டித் தொடங்குபவை. அந்த நாட்களில் தெருக் கடைகளில் சிவப்பு எழுத்து போட்ட மஞ்சள் கொடி பறக்கும். கொடி இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடலாம். இறைச்சி, மீன், முட்டை மட்டுமல்ல, வெங்காயமும் பூண்டும்கூடக் கிடையாது. "நம்ம வீட்டு விரதத்தைவிடக் கெடுபிடியா இருக்கே" என்று பெரியம்மா மெச்சிக்கொண்டார். பாலும் கிடையாது என்று தெரிந்து, காபி கறுப்பாக வந்து நின்றபோது அந்த மெச்சுதல் கொஞ்சம் இறங்கியது.

ராட்சபிரசோங் சந்திப்புக்கு ஒரு சாயங்காலம் போனோம். மேலே ரயில், நாலு பக்கமும் பெரிய பெரிய மால்கள், நடுவே ஹோட்டல் மூலையில் எராவன் பிரம்மா. 1950களில் எராவன் ஹோட்டலைக் கட்டியபோது விபத்துக்கு மேல் விபத்து. இத்தாலியிலிருந்து பளிங்கு ஏற்றி வந்த கப்பலே போய்விட்டது என்பார்கள். அடிக்கல் நாட்டிய நேரம் சரியில்லை, பிரம்மாவுக்குச் சன்னதி வையுங்கள் என்று ஜோதிடர் சொல்ல, 1956இல் இவரைப் பிரதிஷ்டை செய்தார்கள். நம்மூரில் பிரம்மாவுக்குத் தனிக் கோயில் அபூர்வம். கும்பகோணத்தில் ஒன்று இருக்கிறது என்று பெரியம்மா விட்டுக்கொடுக்காமல் சொன்னார். இருக்கட்டும், இங்கே மாதிரி கூட்டம் அங்கே வருமா?

இந்தச் சாமி பட்ட பாடும் கொஞ்சமல்ல. 2006 மார்ச்சில் ஒருவர் சுத்தியலால் சிலையை உடைத்தார். பார்த்தவர்கள் அவரை அங்கேயே அடித்துக் கொன்றுவிட்டார்கள். இரண்டே மாதத்தில் சிலை மறுபடி எழுந்தது. 2015 ஆகஸ்ட் 17 அன்று குண்டு வெடித்து 20 பேர் இறந்தார்கள். இரண்டு நாளில் சன்னதியைத் திறந்துவிட்டார்கள், மக்களும் வந்துவிட்டார்கள்.

இங்கே வேண்டுதல் ரொம்பக் கறாரான விஷயம். என்ன வேண்டும், நடந்தால் என்ன தருவேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நடந்ததும் தாமதிக்காமல் வந்து கொடுத்துவிட வேண்டும். சக்திக்கு மீறிச் சொல்லிவிடாதே என்று என் அலுவலக நண்பர்கள் முதல் வருஷமே எச்சரித்தார்கள். சிலர் மர யானை வைப்பார்கள். ஆட்டக்காரப் பெண்களை ஆட வைப்பதுதான் பெரிய காணிக்கை. கிரீடமும் ஜரிகை உடையுமாகச் சன்னதிப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு பேர், நாலு பேர், ஆறு பேர், எட்டு பேர் என்று எண்ணிக்கைக்கு ஏற்பக் கட்டணம். பணம் கட்டியவரின் பெயரைப் பாட்டில் சேர்த்துப் பாடுவார்கள். அவர் முன்னால் மண்டியிட்டிருக்க, சாமிக்காக ஆட்டம் நடக்கும். பெரியம்மா அதை வெகுநேரம் பார்த்தார். அப்புறம் நாலு முகத்துக்கும் ஒவ்வொன்றாகப் பூ வைத்துச் சுற்றி வந்தார். என்ன வேண்டிக்கொண்டார் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பலிக்காது என்பார்.

பக்கத்து மால் வாசலில் இன்னொரு சன்னதி. திரிமூர்த்தி என்று தாய் மக்கள் சொல்லும் இவரிடம் காதல் கைகூட வேண்டி வருகிறார்கள். வியாழக்கிழமை இரவு 9.30 மணிக்கு இறங்கி வருவாராம். அந்த நேரத்துக்கு வேலை முடிந்த பெண்களும் பையன்களும் சிவப்பு ரோஜாவும் சிவப்பு மெழுகுவர்த்தியுமாக நெருக்கியடித்துக்கொண்டு நிற்பார்கள். பெரியம்மா முகங்களை எண்ணிப் பார்த்துவிட்டு, "இது சதாசிவம்டா. அஞ்சு முகம் இருக்கு பாரு. காமனை எரிச்சவர்கிட்டயா வந்து காதலுக்குக் கேக்குறாங்க?" என்றார். கேட்கிறவர்களுக்குக் கிடைக்காமலா வாராவாரம் ரோஜா குவிகிறது என்று நான் சொன்னதற்குப் பதில் இல்லை.

அங்கிருந்து நடைபாலத்தில் ரயில் நிலையத்துக்கு வரும்போது மணி ஆறு. ஒலிபெருக்கியில் தேசிய கீதம் வந்ததும் படியில் ஏறியவர்கள் படியிலேயே, சீட்டு வாங்கியவர்கள் கவுண்டரிலேயே அசையாமல் நின்றார்கள். தினமும் காலை எட்டுக்கும் மாலை ஆறுக்கும் இப்படித்தான். பெரியம்மா மட்டும் நாலடி நடந்துவிட்டு, ஏதோ தப்பாகிவிட்டது என்று பயந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

பழைய நகரத்தில் வாட் சுத்தாத் என்ற புத்தர் கோயிலுக்கு எதிரே இருக்கும் ராட்சச ஊஞ்சலைப் பலரும் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். இரண்டு உயரமான சிவப்புத் தேக்குத் தூண்கள், மேலே குறுக்குச் சட்டம். இப்போது நிற்பது 2007இல் புதிதாக நாட்டியது. அதற்குப் பக்கத்திலேயே தேவஸ்தானம் என்ற பிராமணர் கோயில். முதலாம் ராமா மன்னர் 1784இல் கட்டியது. சிவன், பிள்ளையார், நாராயணன் மூவருக்கும் தனித்தனிக் கட்டடம். வெள்ளை உடுத்து, குடுமி முடிந்த அரசவைப் பிராமணர்கள் இன்றும் இருக்கிறார்கள். நம் மார்கழி, தை வாக்கில் சிவன் பூமிக்கு வந்து பத்து நாள் தங்கிப் போகிறார் என்று விழா எடுத்து, திருவெம்பாவையை வழிவழியாக வந்த தங்கள் உச்சரிப்பில் ஓதுகிறார்கள். முன்பு அந்த ஊஞ்சலில் ஆட்கள் வானத்துக்கு எழும்பி, மூங்கிலில் கட்டிய காசு முடிப்பைப் பல்லால் கவ்வுவார்களாம். விழுந்து செத்தவர்களும் உண்டு. 1930களில் அது நின்றுபோனது. இப்போது கோயிலுக்குள்ளேயே சாமியை அன்னத் தொட்டிலில் வைத்து ஆட்டிப் பாடுகிறார்கள்.

நாங்கள் போனது புரட்டாசியில். ஓதுவதைக் கேட்கக் கொடுத்துவைக்கவில்லை. பெரியம்மா பிள்ளையார் சன்னதியில் உட்கார்ந்து "ஆதியும் அந்தமும் இல்லா" என்று தானே தொடங்கிவிட்டார். வெள்ளை வேட்டியில் ஒரு பெரியவர் கதவோரம் நின்று கேட்டார். பாட்டு முடிந்ததும் கைகூப்பிவிட்டு உள்ளே போனார். அவ்வளவுதான். பேச இருவருக்கும் பொது மொழி இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலானது விஜயதசமி இரவு. சீலோம் சாலையும் பான் சாலையும் சேரும் முனையில் இருக்கும் ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில் 1879இல் வைத்திப் படையாட்சி என்ற தமிழர் தொடங்கியது. அப்போது இங்கே வந்து சேர்ந்த தமிழர்கள் கும்பிட்ட அம்மன். இன்று வரிசையில் நிற்பவர்களில் பத்துக்கு எட்டு பேராவது தாய் மக்கள் என்பது என் கண் கணக்கு. கோபுரத்தைப் பார்த்ததும் பெரியம்மா செருப்பைச் சாலையிலேயே கழற்றப் போனார். பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. வெளியே கடைகளில் வாழைப்பழம், தேங்காய், சாமந்தி மாலை, பால் எல்லாம் ஒரே தட்டில் அடுக்கித் தயாராக இருக்கும். உள்ளே போட்டோ எடுக்கக் கூடாது. ஆபீஸ் உடையில் வந்த பெண்கள் காலைப் பின்னால் மடித்து, தட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் காலும் அம்மனைப் பார்த்து நீளவில்லை. ஒரு சத்தமில்லை.

"இவ்வளவு அமைதியா கும்பிட்டா அம்பாளுக்குக் கேக்குமா?" என்றார் பெரியம்மா.

இரவு அம்மனுக்குக் கேட்கிற மாதிரியே இருந்தது. சாயங்காலமே வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள். வங்கிகளும் நகைக்கடைகளும் நிற்கிற சாலையின் இரண்டு ஓரமும், யார் யாரோ வைத்த பந்தல்கள். காளி, லட்சுமி, பிள்ளையார், முருகன் சிலைகளைச் சாமந்தியால் மூடி, பழத்தைக் கோபுரமாக அடுக்கி, கலர் லைட் போட்டு, ஒருவரை ஒருவர் மிஞ்சப் பார்க்கிறார்கள். பந்தல் வைப்பவர்களில் குறி சொல்கிறவர்களும் உண்டு. சில இடங்களில் பக்தியைவிட விளம்பரம் தூக்கலாக இருக்கிறது என்பதை மறைப்பானேன்? ஆனால் அதற்குப் பக்கத்திலேயே, பள்ளிச் சீருடைப் பிள்ளைகள் இரண்டு பேர் நடைபாதையில் அரிசி மாவை வைத்துக்கொண்டு யூடியூப் பார்த்துக் கோலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். புள்ளிக் கணக்கு இடித்தது. பெரியம்மா முட்டி வலியை மறந்து குனிந்து, ஒரு வரிசையை அழித்துத் திருத்தித் தந்தார்.

ஏழரை மணிக்குமேல் மேளச் சத்தம் கேட்டது. கூட்டம் முழுக்க வெள்ளை உடையில். பூக்கரகம் தலையில் ஏந்தி அருள் வந்தவர் முன்னே வர, அலகு குத்திக் காவடி எடுத்தவர்கள் பின்னே வர, அம்மன் வந்தாள். தள்ளுமுள்ளுக்குத் தயாராகப் பெரியம்மாவின் கையை இறுக்கிப் பிடித்திருந்தேன். தேவைப்படவே இல்லை. அம்மன் நெருங்க நெருங்க முன்வரிசை தானாக மண்டியிட்டது, அடுத்த வரிசை மண்டியிட்டது, கடைசியில் நின்றுகொண்டிருந்தது பெரியம்மாவும் நானும்தான். பின்னால் இருந்த பெண் ஒருவர் பெரியம்மாவின் நிலையைப் பார்த்துத் தன் மடக்கு ஸ்டூலை நகர்த்திக் கொடுத்தார். தேங்காய்கள் உடைந்தன. இளநீர் எங்கள் மேலெல்லாம் தெறித்தது. பெரியம்மா வாய்விட்டு "ஓம் சக்தி" என்று கத்தினார்; பக்கத்தில் இருந்தவர்களும் கொஞ்சம் தயங்கி, அப்புறம் சேர்ந்து கத்தினார்கள்.

ஊர்வலம் சுற்றி வந்து சேர நள்ளிரவு ஆகும். போகிறவர்கள் வெள்ளை உடுத்தி, ஐந்து மணிக்கே போய் இடம் பிடித்துவிடுங்கள். கடைசி ரயிலையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெரியம்மா ஊருக்குப் போய்க் கொஞ்ச நாள் கழித்துப் போன் செய்தார். "முட்டி இப்ப தேவலாம்டா. அந்த நாலு முகத்துக்காரர்கிட்ட எட்டு பேரை ஆட வைக்கிறேன்னு சொல்லிட்டு வந்தேன்."

"எட்டா? சரி பெரியம்மா, சனிக்கிழமை போறேன்."

"எவ்வளவு ஆகும்?"

சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"இன்னும் முழுசா சரியாகலைடா. மாடிப்படி ஏறினா வலிக்கத்தான் செய்யுது. இப்போதைக்கு நாலு பேரை ஆடச் சொல்லு. மீதி அப்புறம்னு அவர்கிட்டயும் சொல்லிடு."