ஸ்பெக்ட்ரோ ஆன் ஆகவில்லையா? சர்வீஸுக்கு அனுப்பும் முன் அடாப்டருக்கு லோடு கொடுத்துப் பாருங்கள்

"மெயின் போர்டு போயிருக்கும் சார், யூனிட்டை அனுப்பிடுங்க." பொருளைக் கண்ணால்கூடப் பார்க்காமல் சர்வீஸ் சென்டர்காரர்கள் போனிலேயே தீர்ப்பு சொல்லிவிட்டார்கள். எங்கள் ஸ்பெக்ட்ரோவில் (துணியின் நிறத்தை எண்ணாக அளக்கும் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர்) போர்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு லேப்காரர் இதே மாதிரி அலையக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். வயிற்றெரிச்சலும் கொஞ்சம் உண்டு.

திருப்பூர் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் லேப் பார்க்கிறேன். எங்களுடையது கையடக்க ஸ்பெக்ட்ரோ. உள்ளே லித்தியம் பேட்டரி, சார்ஜ் போட 12 வோல்ட் அடாப்டர். ஒருநாள் காலையில் பட்டனை அழுத்தினால் திரை வரவில்லை, எல்இடி எரியவில்லை, பீப் சத்தமும் இல்லை. அடாப்டரைச் செருகினாலும் அதே கதைதான். அன்றைக்குப் பார்த்து ஒரு நேவி ப்ளூவுக்கு லேப் டிப் (ஒப்புதலுக்காக லேபில் சாயம் போட்ட சின்ன மாதிரித் துணி) ரீடிங் போக வேண்டியிருந்தது. பையர் லைட் பாக்ஸில் கண்ணால் பார்ப்பார்தான், ஆனாலும் டி65 (பகல் வெளிச்சம்), டிஎல்84 (கடை டியூப்லைட்) இரண்டிலும் சிஎம்சி 2:1 என்ற கணக்கில் டெல்டா ஈ, அதாவது நிற வித்தியாசம், ஒன்றுக்குள் இருக்கிறது என்று எண்ணாகக் காட்டினால்தான் ஃபைல் நகரும். ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் தம்பி பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போன் அடித்துக்கொண்டிருந்தார்.

உடனே எல்லோரும் சொல்வது, "பக்கத்து லேப்ல கொண்டுபோய் அளந்துக்கலாமே". அளக்கலாம். ஆனால் ஸ்டாண்டர்டை, அதாவது பையர் கொடுத்த மாதிரியை, உங்கள் மெஷினில் அளந்துவிட்டு சாம்பிளை மட்டும் அவர்கள் மெஷினில் அளந்தால் அந்த டெல்டா ஈக்கு அர்த்தமே இல்லை. இரண்டையும் ஒரே மெஷினில், ஒரே மேசையில் அளக்க வேண்டும். அப்பர்ச்சர் (அளக்கும் துளை) பெரியதா சிறியதா, மினுமினுப்பைச் சேர்த்து அளக்கிறதா விட்டு அளக்கிறதா, வெள்ளைத் துணி என்றால் யூவி எப்படி செட் ஆகியிருக்கிறது, இத்தனையும் கேட்டு ரிப்போர்ட்டில் எழுதி வாங்குங்கள். ட்ரையரிலிருந்து சூடாக எடுத்த துணியை அப்படியே வைத்து அளக்க விடாதீர்கள். ஆறினதும் ஷேடு மாறும். சாயம் போடும் நம் டையர் தேவையில்லாமல் திட்டு வாங்குவார்.

இனி சர்வீஸ் சென்டர் கதை. பெங்களூரில் இருக்கிறது. போன் எடுத்த பெண் மரியாதையாகத்தான் பேசினார். ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) முடிந்துவிட்டது, அதனால் பார்ப்பதற்கே ஒரு கட்டணம், அதுவும் முன்பணமாக என்றார். சரி, கட்டினோம். அடுத்து இன்ஜினியர் பேசினார். "அடாப்டர் முனையில மல்டிமீட்டர் வெச்சுப் பாருங்க, எவ்வளவு காட்டுது?" 12.1. "அப்ப அடாப்டர் ஓகே சார். போர்டுதான்." அதோடு ஒரு கட்டளையும் போட்டார்: "யூனிட்டும் வெள்ளை டைலும் மட்டும் அனுப்புங்க. அடாப்டர், கேபிள் எதுவும் வைக்காதீங்க, தொலைஞ்சா நாங்க பொறுப்பில்ல." (வெள்ளை டைல் என்பது மெஷினின் அளவைச் சரிசெய்ய வைத்து அளக்கும் வெள்ளை வில்லை.)

இந்தக் கட்டளை எவ்வளவு வில்லங்கமானது என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. கோளாறு அடாப்டரில் இருந்தால் அவர்கள் தங்கள் அடாப்டரைச் செருகிப் பார்த்துவிட்டு "குறை ஒன்றும் இல்லை" என்று எழுதித் திருப்பி அனுப்புவார்கள். பார்த்த கட்டணம் போனது போனதுதான். இங்கே வந்து நம் அடாப்டரைச் செருகினால் மறுபடி இருட்டு. ஆகவே யார் என்ன சொன்னாலும் அடாப்டரையும் பெட்டியில் வையுங்கள். வெள்ளை டைலின் பின்னால் இருக்கும் எண்ணையும் மெஷினின் சீரியல் எண்ணையும் ஒரே போட்டோவில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு டைலும் அதனதன் மெஷினுக்கே உரியது. மாறி வந்தால் எல்லா ரீடிங்கும் நைசாகத் தப்பாகும், கண்டுபிடிப்பதற்குள் பல லாட் போய்விடும்.

கூரியர் கவுண்டரில் முதல் கேள்வியே "உள்ள பேட்டரி இருக்குதுங்களா?" இருக்கிறது என்றதும் பெட்டியைத் தள்ளிவிட்டார். கருவிக்குள் இருக்கும் லித்தியம் பேட்டரிக்கு யூஎன் 3481 என்று ஒரு வகை உண்டு, அதற்கான ஸ்டிக்கரும் டிக்ளரேஷனும் இருந்தால்தான் ஏற்ற முடியும் என்பதை அவர் சொல்லவில்லை. வரிசையில் பின்னால் நின்ற ஒரு மொபைல் கடைக்காரர்தான் சொன்னார். விமானத்தில் வேண்டாம், தரைவழி சரக்காகப் போடுங்கள் என்று யோசனை சொன்னதும் அவரே.

தரைவழிக்காரர்கள் பேட்டரியைப் பற்றிக் கேட்கவே இல்லை. மதிப்பைப் பார்த்தார்கள், பல லட்சம். "இ-வே பில் எங்கீங்க சார்?" மாநிலம் தாண்டினால் 50,000 ரூபாய்க்கு மேல் உள்ள சரக்குக்கு இ-வே பில் என்ற ஜிஎஸ்டி ஆவணம் வேண்டும். ரிப்பேருக்குப் போய்த் திரும்பி வரும் பொருள் விற்பனை இல்லை, அதனால் டெலிவரி சலான் போட்டு அதன் மேல் பில் எடுக்க வேண்டும். எங்கள் அக்கவுண்ட்ஸ் அண்ணன் பழக்க தோஷத்தில் 'சப்ளை' என்று தட்டி, எச்எஸ்என் (பொருளின் வகை எண்) இடத்தில் துணிக்கு உரியதைப் போட்டுவிட்டார். ஸ்பெக்ட்ரோவுக்கு 9027 வர வேண்டும். துணி என்று எழுதிய பில்லோடு மெஷின் பெட்டியை ஏற்ற அவர்கள் மறுத்தார்கள். நியாயம்தான். ஆனாலும் வெயிலில் பெட்டியைத் திரும்பத் தூக்கி வந்தபோது அந்த நியாயம் எனக்குப் புரியவில்லை.

பெட்டி லேப் மேசையில் கிடந்ததைப் பார்த்த எங்கள் எலக்ட்ரீஷியன் அண்ணன்தான் கேட்டார். "ஏனுங்க, மீட்டர்ல 12 காட்டுனா போதும்னு யாருங்க சொன்னது? லோடு போட்டுப் பாக்கோணுமுங்க." கரண்ட் இழுக்கும் எதையாவது மாட்டிவிட்டு அளக்க வேண்டும் என்கிறார்.

தன் பைக்கிலிருந்து இண்டிகேட்டர் பல்பைக் கழற்றி வந்தார், 12 வோல்ட், 10 வாட். அது இழுப்பது ஒரு ஆம்பியருக்கும் குறைவு. அடாப்டரின் மேல் 2 ஆம்பியர் என்று அச்சடித்திருக்கிறது, பாதிச் சுமைகூட இல்லை. பல்பை முனையில் தொட்டதும் இழை செக்கச் சிவந்தது, அணைந்தது, மறுபடி சிவந்தது. மீட்டரில் 12.1 என்று நின்ற எண் நாலுக்கும் ஐந்துக்கும் இடையில் தள்ளாடியது. பல்பை எடுத்ததும் மறுபடி கம்பீரமாக 12.1.

அடாப்டரை உடைத்துப் பார்த்தோம். வெளியே போகும் பக்கத்து கெபாசிட்டரின் தலை உப்பியிருந்தது, ஓரத்தில் பழுப்பாகக் கசிவு. லேபுக்கு வயரிங் செய்த புண்ணியவான் அந்தப் பிளக்கை ஓவனுக்குப் பின்னால் வைத்திருக்கிறார். அடாப்டர் வருடக்கணக்கில் அங்கே வெந்துகொண்டிருந்தது. இந்த வகை கெபாசிட்டருக்கு 10 டிகிரி சூடு கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது எலக்ட்ரானிக்ஸ்காரர்களின் மனக்கணக்கு. ஒரு எச்சரிக்கை: உடைத்துப் பார்க்கும் ஆசை அடாப்டரோடு நிற்கட்டும். அதிலேயே மெயின் பக்கத்து கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், பிளக்கை எடுத்து நேரம் கழித்துத்தான் தொட வேண்டும். ஸ்பெக்ட்ரோவுக்குள் செனான் ஃபிளாஷ் இருந்தால் அதன் கெபாசிட்டர் இன்னும் பொல்லாதது. அதோடு உள்ளே வெளிச்சத்தைச் சீராகப் பரப்பும் வெள்ளை உருண்டையில் ஒரு விரல் ரேகை பட்டாலே அளவு கெட்டுவிடும்.

புது அடாப்டர் சிசிடிவி கடையில் கிடைத்தது. 12 வோல்ட், 2 ஆம்பியர், எல்லாக் கடையிலும் இருக்கும். பின் அளவில் மட்டும் கவனம். வெளி விட்டம் 5.5 மில்லிமீட்டர் என்று ஒரே மாதிரி இருந்தாலும் உள் துளை 2.1, 2.5 என்று இரண்டு உண்டு. 2.1 ஊசிக்கு 2.5 பிளக்கைப் போட்டால் லொடலொடவென்று உள்ளே போகும்; தொட்டால் எரியும், விட்டால் அணையும். நடு ஊசி பாசிட்டிவா நெகட்டிவா என்று மெஷினிலும் அடாப்டரிலும் இருக்கும் குறியை ஒப்பிட்டுப் பார்க்காமல் செருகவே செருகாதீர்கள். அப்போதுதான் போர்டு நிஜமாகவே போகும்.

செருகினேன். ஒன்றும் ஆகவில்லை! இன்ஜினியர் சொன்னதுதான் சரியோ என்று ஒரு நிமிடம் வயிற்றைக் கலக்கியது. அண்ணன் அசரவில்லை. பழைய அடாப்டர் பல நாளாகவே அரைகுறையாகச் சார்ஜ் ஏற்றியிருக்கும், பேட்டரி தரைதட்டிப் போயிருக்கும் என்றார். லித்தியம் செல் 3 வோல்ட்டுக்குக் கீழே போய்விட்டால் சார்ஜிங் சர்க்யூட் எடுத்ததும் முழுக் கரண்ட் கொடுக்காது, சொட்டுச் சொட்டாக ஏற்றித்தான் மேலே கொண்டுவரும். அதுவரை சில மெஷின்களில் எல்இடிகூட எரியாது. "ராத்திரி அப்படியே உட்டுட்டுப் போங்க." நைட் ஷிஃப்ட் பையனிடம் சொல்லி, கண்பார்வையில் ஒரு ஸ்டீல் மேசையின் மேல் வைத்துவிட்டுப் போனேன். செத்த பேட்டரிக்கு வெளியிலிருந்து நேரடியாக வயர் கொடுத்து உசுப்பும் வீடியோக்கள் நிறைய சுற்றுகின்றன. செய்யாதீர்கள், தீப்பிடிக்கும்.

காலையில் ஆரஞ்சு எல்இடி எரிந்துகொண்டிருந்தது. பட்டனை அழுத்தினேன், லோகோ வந்தது. கத்தவில்லை, ஆனால் மெர்ச்சண்டைசருக்கு நானே போன் போட்டேன்.

ஆன் ஆனதும் அளக்க ஓடிவிடாதீர்கள். முதலில் தேதி, நேரம். எங்களுடையதில் அழிந்துபோயிருந்தது, அப்படியே விட்டால் ரிப்போர்ட்டில் என்றோ ஒரு தேதி விழும். பிறகு கருப்பு, வெள்ளை காலிபிரேஷன். அதன் பின் சோதனைக்கான பச்சை டைலை அளந்து, மெஷினோடு வந்த தாளில் இருக்கும் அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். டைல் லேபின் ஏசி சூட்டுக்கு வந்த பிறகே அளக்க வேண்டும், சூடு மாறினால் டைலின் நிறமும் லேசாக மாறும். எங்களுக்குச் சரியாகவே வந்தது. நேவி ப்ளூ அன்று மதியமே போனது.

பேட்டரி முன்போல இல்லை, சீக்கிரம் இறங்குகிறது. புதிது கேட்டதற்கு சர்வீஸ் சென்டர் "யூனிட்டை அனுப்புங்க, மாத்தித் தர்றோம்" என்கிறது. ஸ்க்ரூ இரண்டைக் கழற்றினால் நாமே மாற்றலாம் என்று மேனுவலிலேயே படம் போட்டிருக்கிறது. அந்தப் பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்பிய பிறகுதான் விலை சொன்னார்கள். பாக்கெட்டில் தயாரித்த மாதத்தைப் பார்த்து வாங்கப் போகிறேன். கடையில் வருடக்கணக்கில் கிடந்த பேட்டரிக்குப் புது விலை கொடுக்க மனசில்லை. கட்டிய முன்பணத்தை இதில் கழித்துக்கொள்ளச் சொல்லி அக்கவுண்ட்ஸ் அண்ணன் மெயில் போட்டிருக்கிறார். பதில் வரவில்லை.