மூன்று துண்டுச் சார்பும் அச்சில் விழுந்த வெற்று வட்டமும்

சில நாட்களாக இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் கணக்கு போடுகிறேன். இந்த வாரம் துண்டு துண்டாக வரையறுக்கப்பட்ட சார்புகளின், அதாவது எக்ஸின் வெவ்வேறு எல்லைகளுக்கு வெவ்வேறு கோவை கொண்ட சார்புகளின், வெட்டுத்துண்டுகள்: வரைபடம் அச்சுகளைச் சந்திக்கும் இடங்கள். எக்ஸுக்குப் பூச்சியம் போட்டால் ஒய் வெட்டுத்துண்டு, சார்பைப் பூச்சியத்துக்குச் சமப்படுத்தினால் எக்ஸ் வெட்டுத்துண்டு என்பது பள்ளியிலேயே படித்ததுதான். துண்டுகள் வந்ததும் அது மட்டும் போதவில்லை.

நான் எடுத்துக்கொண்ட சார்பு:

எக்ஸ் < –2 எனில், எக்ஸ் + 5
–2 ≤ எக்ஸ் < 3 எனில், எக்ஸ்² – எக்ஸ் – 6
எக்ஸ் ≥ 3 எனில், 2எக்ஸ் – 4

ஒய் வெட்டுத்துண்டு சட்டென்று வந்துவிட்டது. 0 நடுத் துண்டில் விழுகிறது, விடை –6. மற்ற இரண்டிலும் 0 போட்டு எழுதிய 5, –4 இரண்டையும் அடித்துவிட்டேன். ஒரு சார்புக்கு ஒன்றுக்கு மேல் ஒய் வெட்டுத்துண்டு இருக்க முடியாது.

எக்ஸ் பக்கம் இரண்டு இரவுகள் பிடித்தது. மூன்று கோவைகளையும் தனித்தனியே பூச்சியமாக்கினால் –5, –2, 3, 2 என நான்கு விடைகள். வரைபடத்தாளில் வரைந்து பார்த்தால் அச்சில் இரண்டே புள்ளிகள்: –5, –2.

2 ஏன் போனது என்பது உடனே புரிந்தது. கடைசிக் கோடு 3-இல்தான் தொடங்குகிறது, அதுவும் அச்சுக்கு மேலே 2 அலகு உயரத்தில். பின்னோக்கி நீட்டினால் 2-இல் வெட்டும், ஆனால் அங்கே அந்தக் கோடே கிடையாது.

3-இல்தான் வெகுநேரம் நின்றேன். நடுத் துண்டின் பரவளையம் கீழிருந்து ஏறி, அச்சைத் தொடவேண்டிய இடத்தில் நின்றுவிடுகிறது. 3 என்ற எண் அடுத்த துண்டுக்குச் சொந்தம், அங்கே மதிப்பு 2. எனவே அச்சின் மேல் வெற்று வட்டம் (அந்தப் புள்ளி வரைபடத்தில் சேராது), அதற்கு நேர் மேலே நிரப்பிய புள்ளி (இது சேரும்). கீழே இருந்த சார்பு 3-இல் அச்சைத் தொடாமலே மேலே போய்விட்டது! குறை எண்ணிலிருந்து மிகை எண்ணுக்குப் போனால் நடுவில் பூச்சியம் வந்தே தீரும் என்று நினைத்திருந்தேன். தொடர்ச்சியான, அதாவது எங்கும் அறுந்து தாவாத, சார்புக்குத்தான் அந்த உறுதி உண்டு.

கணினியில் வரைந்தபோது அந்த வெற்று வட்டம் தெரியவே இல்லை, வளைவு அச்சைத் தொடுவதுபோலவே இருந்தது. தாளில் பென்சிலால் போட்ட வட்டத்தைத்தான் நம்பினேன். இப்போதெல்லாம் சமன்பாட்டைத் தீர்க்கும் முன்பே பக்கத்தில் அதன் எல்லையை எழுதிவிடுகிறேன். சமக்குறி எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைச் சிவப்பு மையில்.

நேற்று மீப்பெரு முழு எண் சார்பை எடுத்தேன்; கொடுத்த எண்ணைத் தாண்டாத மிகப்பெரிய முழு எண்ணைத் தருவது அது. 0 முதல் 1 வரை, 1 நீங்கலாக, எல்லா எண்களுக்கும் அதன் மதிப்பு பூச்சியம். அச்சின் மேலேயே ஒரு கோட்டுத்துண்டு படுத்திருக்கிறது, அதன் ஒவ்வொரு புள்ளியும் அச்சைச் சந்திக்கும் புள்ளி. இடது முனையில் நிரப்பிய புள்ளி, வலது முனையில் மறுபடியும் அந்த வெற்று வட்டம்.