அரை டன் பிக்கப், ஃபிப்த் வீல் டிரெய்லர்: ஒருவழியாக எடைக்குள் வந்துவிட்டது

எடைச் சீட்டு கைக்கு வந்துவிட்டது: என் பிக்கப்பையும், அதன் பின்பெட்டியில் மூக்கை ஊன்றி வரும் ஃபிப்த் வீல் முகாம் டிரெய்லரையும் மாட்டிய நிலையில் எடை போட்டது. முன்னச்சு 3,240 பவுண்டு, பின்னச்சு 3,760, டிரெய்லரின் அச்சுகள் 5,240. பிக்கப்பின் இரண்டு அச்சுகளையும் கூட்டினால் சரியாக 7,000. என் 2019 ஃபோர்டு எஃப்-150, 'அரை டன்' என்று அழைக்கப்படும் இலகு வகைப் பிக்கப்; அதன் மொத்த எடை வரம்பு 7,050. பின்னச்சின் வரம்பு 4,050. ஆகவே பின்னச்சில் 290 பவுண்டும் மொத்த எடையில் 50 பவுண்டும் கையிருப்பு. டிரெய்லரில் சாமான் ஏற்றி, வண்டியில் இருவர் உட்கார்ந்து, எரிபொருள் நிரம்பிய நிலையில் எடுத்த சீட்டு இது. அரை டன் பிக்கப்பில் ஃபிப்த் வீல் இழுக்கவே கூடாது என்று அடித்துச் சொல்பவர்களுக்கும், தாராளமாக இழுக்கலாம் என்று தோளில் தட்டி விற்பவர்களுக்கும் இதே சீட்டைத்தான் காட்டப் போகிறேன். இழுக்கலாம், ஆனால் ஒவ்வொரு பவுண்டுக்கும் கணக்குச் சொல்ல வேண்டும்.

என் பிக்கப்பின் இழுவைத் திறன் பத்தாயிரம் பவுண்டுக்கு மேல். அந்த எண்ணை நான் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. எல்லாம் முடிவாவது ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் மஞ்சள் பட்டைச் சீட்டில்தான். ஆட்களும் சரக்கும் சேர்ந்து 1,742 பவுண்டைத் தாண்டக் கூடாது என்கிறது என் வண்டியின் சீட்டு. பம்பருக்குப் பின்னால் மாட்டும் சாதாரண டிரெய்லர், தன் எடையில் 10 முதல் 15 சதவீதத்தைத்தான் வண்டியின் மேல் வைக்கும். எடை பகிரும் ஹிட்ச் (டிரெய்லரை மாட்டும் இணைப்பு) போட்டால் அதிலும் ஒரு பங்கை முன்னச்சுக்கும் டிரெய்லரின் அச்சுகளுக்கும் தள்ளிவிடலாம். ஃபிப்த் வீலுக்கு அந்த வசதி கிடையாது. 15 முதல் 25 சதவீதம், டிரெய்லரின் மூக்குக்கு அடியில் இருக்கும் கிங்பின் என்ற தண்டு வழியாக, நேரே பின்னச்சின் தலையில் இறங்கும். இறங்கியது இறங்கியதுதான்.

டிரெய்லர் 24 அடி நீளம், பழையது. அரை டன் வண்டிக்கென்றே தயாரித்தது என்று சொல்லித்தான் விற்றார்கள். விளம்பரத் தாளில் இருக்கும் 'வெற்று எடை'யில் தண்ணீர் இல்லை, சாமான் இல்லை. பல இடங்களில் பேட்டரியும் சமையல் வாயுவும்கூட இல்லை. அப்படி ஒரு டிரெய்லரை இந்த உலகத்தில் யாரும் இழுத்துச் செல்வதில்லை. அந்த எண்ணைப் பெரிய எழுத்தில் போடுவதும், கிங்பின் எடையைப் பொடி எழுத்தில் போடுவதும் எனக்குக் கோபத்தைத்தான் வரவழைக்கின்றன.

அதனால் எந்தப் பயணத்துக்கும் முன்னால், டிரெய்லரோடு வந்த பழைய நழுவு ஹிட்ச்சை (பின்பெட்டியில் முன்பின் நகரும் வகை) மாட்டி, சாமான்களை ஏற்றி, லாரிகள் நிற்கும் இடத்திலுள்ள 'கேட்' (CAT) நிறுவன எடைமேடைக்கு ஓட்டிப் போனேன். முன்னச்சு 3,200, பின்னச்சு 4,080, டிரெய்லர் 5,180. பிக்கப் மட்டும் 7,280. மொத்த வரம்புக்கு மேல் 230 பவுண்டு, பின்னச்சில் 30 பவுண்டு. டிரெய்லரை நிறுத்தும் இடம் பக்கத்திலேயே இருப்பதால், அதைக் கழற்றி வைத்துவிட்டு வந்து பிக்கப்பை மட்டும் எடை போட்டேன். அது 5,840. கழித்தால் கிங்பினில் 1,440 பவுண்டு; டிரெய்லரின் மொத்த எடையான 6,620இல் கிட்டத்தட்ட 22 சதவீதம்.

எடைமேடை பற்றி ஒரு துணைக்குறிப்பு. கேட் மேடையில் மூன்று தட்டுகள் இருக்கும். முன்சக்கரம் முதல் தட்டில், பின்சக்கரம் இரண்டாவதில், டிரெய்லர் சக்கரங்கள் மூன்றாவதில் நிற்க வேண்டும். இரண்டு தட்டுகளுக்கு நடுவே சக்கரம் நின்றால் சீட்டால் பயனில்லை. பேசும் பொத்தான் பெரிய லாரி ஓட்டுநரின் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கும், பிக்கப்பிலிருந்து எட்டாது. அவர்களுடைய கைபேசிச் செயலியைப் பயன்படுத்துங்கள். அதே நாளில் மறுபடி எடை போட்டால் கட்டணமும் குறைவு.

அந்தச் சீட்டைப் பார்த்த ஒரு கடைக்காரர், "காற்றுப் பை போட்டுவிடுங்கள், வண்டி நேராக நிற்கும்" என்றார். பின் ஸ்பிரிங்குகளுக்குத் துணையாகப் பொருத்தி வண்டியைத் தூக்கும் பை அது. நேராக நிற்கும், சரி. எடை எங்கே போகும்? காற்றுப் பை போட்டாலும் அச்சின் வரம்பு ஒரு பவுண்டுகூட உயராது. தொங்கும் பின்பக்கத்தைத் தூக்கிக் கண்ணுக்கு மறைத்துவிடும், அவ்வளவுதான். இதை ஒரு தீர்வு என்று காசு வாங்கிக்கொண்டு சொல்வது எனக்குப் பொறுக்கவில்லை.

முதல் வேலை ஹிட்ச். பழைய நழுவு ஹிட்ச் மட்டுமே 180 பவுண்டு. அதைக் கழற்றிவிட்டு, பின்பெட்டியில் ஏற்கெனவே இருந்த தண்டவாளங்களிலேயே பொருந்தும் ஆண்டர்சன் அலுமினிய ஹிட்ச்சை வைத்தேன். அதன் எடை 40 பவுண்டைச் சுற்றித்தான். பழையதை இறக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது. இதை நான் ஒருவனாகவே தூக்கி வைத்துவிடுகிறேன். ஒரே மாற்றத்தில் 140 பவுண்டு போயிற்று. 2015க்குப் பிறகு வந்த எஃப்-150இல் பின்பெட்டி அலுமினியம் என்பதால், தண்டவாளத்தின் எஃகு அதை நேரடியாகத் தொடாதபடி நடுவில் நைலான் தட்டைகள் கொடுத்திருக்கிறேன். எஃகும் அலுமினியமும் ஈரத்தில் ஒட்டிக் கிடந்தால் அலுமினியம்தான் அரிக்கும். குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் கொலராடோவில் இதை விட்டுவிட முடியாது.

அடுத்து வந்ததுதான் என் தூக்கத்தைக் கெடுத்த பகுதி: கிங்பின் எடை. டிரெய்லருக்குள் எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்பதுதான் அதை முடிவு செய்கிறது. என் டிரெய்லரில் கிங்பினுக்கும் இரண்டு அச்சுகளின் நடுப்புள்ளிக்கும் இடையே 16 அடி. முன்பக்கச் சாமான் அறை கிங்பினிலிருந்து 3 அடி. அங்கே வைக்கும் பொருளின் எடையில் 16இல் 13 பங்கு கிங்பினுக்குப் போகிறது. அதே பொருளை அச்சுக்கு 4 அடி பின்னால் வைத்தால், கிணற்று ஏற்றத்தில் பின்னால் மிதித்ததும் முன்முனை எழுவதுபோல, அது கிங்பினைத் தூக்கிவிடுகிறது. ஆக, முன்னறையிலிருந்து பின்கோடிக்கு 17 அடி நகரும் பொருள், கிங்பினில் தன் எடையைவிட அதிகமாகவே குறைக்கிறது. டிரெய்லரை மட்டப்படுத்தும் கட்டைகள், தண்ணீர்க் குழாய், கருவிப் பெட்டி எல்லாம் சேர்ந்து 72 பவுண்டு. அவற்றைப் பின்பக்க இருக்கையின் அடியறைக்கு மாற்றினேன். கணக்குப்படி குறைய வேண்டியது 76.

பின்பம்பரில் தாங்கி வைத்துச் சாமான் ஏற்றுவதை மட்டும் செய்யாதீர்கள். பல டிரெய்லர்களில் அது மெல்லிய சதுரக் குழாய்தான், அந்தப் பாரத்தைத் தாங்காது. பின்னால் ஏற்றிக்கொண்டே போய்க் கிங்பினை 15 சதவீதத்துக்குக் கீழே இறக்குவதும் ஆபத்து. டிரெய்லர் ஆடத் தொடங்கும்.

பிறகு பேட்டரி. முன்னால் உட்கார்ந்திருந்த இரண்டு 6 வோல்ட் ஈயப் பேட்டரிகள் சேர்ந்து 125 பவுண்டு. அவற்றின் இடத்தில் இரண்டு லித்தியம் பேட்டரிகள், 60 பவுண்டு. வார்ப்பிரும்புச் சட்டிகளையும் வீட்டிலேயே வைத்துவிட்டோம். தோசைக் கல் ஒன்று மட்டும் வருகிறது, அதில் பேச்சுக்கே இடமில்லை. எல்லாவற்றையும் தாளில் கூட்டிப் பார்த்தால் கிங்பினில் 145 பவுண்டு குறைய வேண்டும். மேடை காட்டியது 140. கேட் மேடை 20 பவுண்டுப் படிகளாகத்தான் அச்சிடும் என்பதால் இதற்கு மேல் நெருங்க முடியாது. இப்போது கிங்பின் 1,300 பவுண்டு, அதாவது 590 கிலோ. டிரெய்லர் மொத்தம் 6,540. ஏறக்குறைய 20 சதவீதம். எனக்குத் திருப்தியான இடம். தாளில் போட்ட கணக்கு மேடையில் அப்படியே வந்து நின்றதைப் பார்த்தபோது கிடைத்த மகிழ்ச்சி இன்னும் தணியவில்லை.

50 பவுண்டுக் கையிருப்பை வைத்து ஆடவும் முடியாது. என் டிரெய்லரில் நல்ல தண்ணீர்த் தொட்டி அச்சுக்குச் சற்றுப் பின்னால் இருக்கிறது, கழிவுநீர்த் தொட்டி அச்சுக்கு 4 அடி முன்னால். போகும்போது பிரச்சினை இல்லை. திரும்பும்போது 30 காலன் கழிவுநீர் நிறைந்திருந்தால் அதன் எடை சுமார் 250 பவுண்டு. அதில் கால் பங்கு, 60 பவுண்டுக்கு மேல், கிங்பினில் ஏறும். என் கையிருப்பு அங்கேயே தீர்ந்துவிடும். ஆகவே முகாமை விட்டுக் கிளம்புமுன் கழிவுத் தொட்டியைக் காலி செய்வது எங்களுக்குச் சட்டம். காலி செய்யும் வசதி இல்லாத முகாம் என்றால், கழிவுநீர் பாதித் தொட்டியைத் தாண்டாதபடி தண்ணீரைச் செலவழிக்க வேண்டும்.

புதிய ஹிட்ச்சில் டிரெய்லர் சுழலும் புள்ளி பின்னச்சுக்குக் கொஞ்சம் முன்னால் வருகிறது. அது முன்னச்சுக்கு நல்லது; ஆனால் திரும்பும்போது டிரெய்லரின் மூக்கு நெருங்கிவரும் ஓட்டுநர் அறையின் பின்கண்ணாடிக்கு நல்லதல்ல. என்னுடையது ஆறரை அடிப் பெட்டி; எட்டடிப் பெட்டிக்காரர்களைப்போல அலட்சியமாகத் திருப்ப முடியாது. ஞாயிறு காலை, காலியாகக் கிடந்த வாகன நிறுத்தத்தில் ஓட்டுநர் அறைக்கும் டிரெய்லர் மூக்குக்கும் நடுவே மனைவியை டேப்புடன் நிற்க வைத்து, ஊர்ந்து திருப்பிப் பார்த்தேன். கூர்மையான திருப்பத்தில், "நிறுத்துங்கள், நான்கு அங்குலம்தான் இருக்கிறது" என்றார். அந்த நிலையில் ஸ்டியரிங் எங்கே நிற்கிறது, பக்கக் கண்ணாடியில் டிரெய்லரின் எந்த ஜன்னல் தெரிகிறது என்று பார்த்து, கண்ணாடியின் ஓரத்தில் வெள்ளை நாடா ஒட்டிவிட்டேன். ஜன்னல் விளிம்பு நாடாவைத் தொட்டால் அதற்கு மேல் பின்னோக்கித் திருப்புவதில்லை. பெட்டியின் பக்கச் சுவருக்கும் டிரெய்லரின் அடிப்பகுதிக்கும் இடையே ஆறு அங்குலம் இருக்கிறது. மேடு பள்ளத்தில் வண்டி சாய்ந்தால் அது வேண்டும்.

பழைய ஹிட்ச்சில் கிங்பினைக் கவ்விய தாடைகள் இப்போது இல்லை. ஹிட்ச்சின் பந்தின் மேல், கிங்பினில் பொருத்திய கிண்ணம் இறங்குகிறது. முழுதாக இறங்கியதும் அடங்கிய ஒரு 'தொக்' கேட்கும். அதை நம்பி விட்டுவிடாமல் கைவிளக்கை அடித்துப் பார்க்கிறேன். பந்தின் கழுத்துக்குக் கீழே கிண்ணத்தின் விளிம்பு தெரிய வேண்டும், பூட்டும் ஊசி தடையில்லாமல் குறுக்கே போக வேண்டும். பிறகு டிரெய்லர் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, தாங்குகால்களைத் தரையிலிருந்து ஓரங்குலம் மட்டும் தூக்கிவிட்டு, பிக்கப்பை முன்னால் இழுத்துப் பார்க்கிறேன். கழன்றாலும் அந்த ஓரங்குலம்தான் விழும், பெட்டியின் சுவர் பிழைக்கும். டிரெய்லர் பிரேக் எவ்வளவு பலமாகப் பிடிக்க வேண்டும் என்பதைச் சமதரையில், 25 மைல் வேகத்தில், கை நெம்பால் மட்டும் பிடித்து, சக்கரம் இறுகுவதற்குச் சற்று முன்னால் நிற்கும்படி வைத்திருக்கிறேன்.

இன்னும் முடியாத வேலை உண்டு. டிரெய்லரில் இருக்கும் மின்னேற்றி ஈயப் பேட்டரிக்கானது, 13.6 வோல்ட்டில் லித்தியம் முழுதாக நிரம்புவதில்லை, 14.4 தருவது வேண்டும். லித்தியத்தை உறைநிலைக்குக் கீழே மின்னேற்றவும் கூடாது, அதனால் பேட்டரியை வெளிப்பெட்டியிலிருந்து உள்ளறைக்குக் கொண்டுவர வேண்டும். அது கிங்பினிலிருந்து இன்னும் தள்ளிப் போவதும் எனக்கு லாபம். டிரெய்லர் டயர்களையும் மாற்றப் போகிறேன். பள்ளம் ஆழமாகத்தான் இருக்கிறது, ஆனால் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கம் 2317. அதாவது 2017இன் 23ஆவது வாரம். டிரெய்லர் டயர் தேய்ந்து கெடுவதைவிட வயதாகிக் கெடுவதுதான் அதிகம்.

டென்வர் பக்கத்துத் தம்பி ஒருவர், "அண்ணா, ஐசன்ஹோவர் சுரங்கம் வழியாக ஏறிவிடலாமே" என்கிறார். 11,000 அடிக்கு மேல் ஏறுவதற்கு என் டர்போ எஞ்சின் தயங்காது. அந்தப் பக்கம் சில்வர்தார்ன் வரை இறங்கும் நீண்ட சரிவுக்குத்தான் நான் இன்னும் அவசரப்படவில்லை. பிரேக் பிடிக்காத லாரிகளுக்கென்று சரளைத் தடமே போட்டிருக்கும் இறக்கம் அது. முதலில் தெற்கே 25ஆம் நெடுஞ்சாலையில் வால்சன்பர்க், அங்கிருந்து 9,400 அடி உயர லா விட்டா கணவாய் வழியாகப் பெரும் மணல் குன்றுகள் தேசியப் பூங்கா. போகும் வழியில் ஓர் எடைமேடை, திரும்பும்போது பாதி நிறைந்த கழிவுநீர்த் தொட்டியோடு இன்னொரு எடைமேடை. அந்த 60 பவுண்டுக் கணக்கில் பாதி மேடையில் வருகிறதா என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன்.