படத்தின் முதுகில் அம்புக்குறி போடுங்கள்

மாணவர் ஓவியக் கண்காட்சி எதற்காவது படம் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், மற்றதெல்லாம் அப்புறம், முதலில் படத்தைத் திருப்பிப் போட்டு முதுகில் பெரிதாக ஓர் அம்புக்குறி வரைந்து 'மேல்பக்கம்' என்று எழுதிவிடுங்கள். ஏன் என்று போகப் போகத் தெரியும். எந்தக் கண்காட்சி, யார் நடத்தியது என்று சொல்லப் போவதில்லை. அடுத்த வருடமும் படம் வாங்கிக்கொள்ளும் அதே ஜன்னல் முன்னால்தான் நான் போய் நிற்க வேண்டும்.

எனக்கு வடசென்னையில் காலடிப்பேட்டை. நுண்கலை மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். கல்லூரியில் போனஃபைடு சான்றிதழ் கேட்ட அன்றே கிடைத்தது, கட்டணமும் சிக்கல் இல்லாமல் போய்ச் சேர்ந்தது. இழுத்தடித்ததெல்லாம் படங்கள்தான்.

ஒருவருக்கு மூன்று படம், அதற்கு மேல் கிடையாது. வீட்டுக்குள் விரித்துப் பார்க்க இடம் இல்லாததால் வெயில் தாழ்ந்த பிறகு மொட்டை மாடியில் எல்லாவற்றையும் பரப்பினேன். கடல் காற்றுக்குத் தாள் பறக்காமல் இருக்க, அப்பா லேத் (கடைசல் மெஷின்) பட்டறையிலிருந்து கொண்டுவந்து போட்டிருந்த இரும்புத் துண்டுகளை மூலைக்கு ஒன்றாக வைத்தேன். (நீங்களும் இப்படிச் செய்தால் இரும்புக்கு அடியில் ஒரு பட்டர் பேப்பர் வையுங்கள், இல்லாவிட்டால் நம் ஊர் ஈரத்துக்குத் துரு வட்டம் விழும்.)

ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்க்கும்போது கண்ணில் படாதது மொத்தமாகப் பரப்பினால் பட்டுவிடுகிறது. முதல் வருடப் படங்கள் அத்தனையிலும் வானம் ஒரே நீலம், ட்யூபிலிருந்து பிதுக்கியபடியே. திருவொற்றியூர் வானம் எந்த நாளில் அப்படி இருந்தது? தியாகராஜர் கோயில் கோபுரத்தை வாட்டர்கலரில் போட்டது அம்மாவுக்கு உயிர், ஹாலில் மாட்டலாம் என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் நான் அங்கே நின்று பார்த்தேன் என்பதற்கு அதில் ஒரு தடயமும் இல்லை, காலண்டரைப் பார்த்துப் போட்டிருந்தாலும் இதேதான் வந்திருக்கும்.

எண்ணூர் படம்தான் எனக்கு ரொம்ப யோசனையாக இருந்தது. 3 அடிக்கு 4 அடி, அக்ரிலிக் வண்ணம். 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து கழிமுகம் முழுக்கப் பரவியபோது அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்து போட்டது. தண்ணீர் நின்ற மட்டத்துக்குப் படகுகளின் மேல் ஒரு கறுப்புக் கோடு இருந்தது, அந்தக் கறுப்பை மட்டும் பிடித்துவிட்டேன் என்று இப்போதும் நம்புகிறேன். கடையில் வாங்கும் கறுப்பு செத்த கறுப்பு. அல்ட்ராமரைன் நீலத்தையும் பர்ன்ட் அம்பர் பழுப்பையும் கலந்து பாருங்கள், ஒரு பக்கம் நீலம் தட்டும், ஒரு பக்கம் பழுப்பு தட்டும், உயிரோடு இருக்கும். ஆனால் அந்தக் கோட்டுக்கு முன்னால் கையைத் தூக்கி நிற்கிற மீனவர், அழுகிற குழந்தை, செத்து மிதக்கிற மீன் எல்லாம் சேர்ந்து படம் சுவரொட்டி ஆகிவிட்டது. வகுப்பில் அதிகம் கைதட்டல் வாங்கிய படம் அதுதான். எடுத்து ஓரமாக வைத்தேன்.

கடைசியில் நின்றவை எல்லாம் அவசரத்தில் போட்டவை. முதலாவது கைகள். காசிமேட்டில் வலை பின்னுகிறவர்கள் உடம்பை அசைக்காமல் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள், கை மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் முகம், தோள் எல்லாம் ஒரு தடவைதான் வரைந்திருக்கிறேன், கை மட்டும் தாள் முழுக்கத் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது: ஊசி உள்ளே போகும் கை, நூலை இழுக்கும் கை, கட்டைவிரலால் முடிச்சை அமுக்கும் கை. 6பி பென்சில், ரப்பரைத் தொடவே நேரமில்லை. ஓவியர் ஆதிமூலம் எங்கள் கல்லூரியில் படித்தவர் என்பதால் 1969 காந்தி நூற்றாண்டையொட்டி அவர் வரைந்த காந்தி கோட்டோவியங்களைக் காட்டாத சீனியர்களே கிடையாது, 'கோடு தயங்கக் கூடாது' என்று மந்திரம் மாதிரி சொல்வார்கள். அது எனக்கு உறைத்தது இந்தக் கைகளைப் பார்த்தபோதுதான்.

இரண்டாவது படகு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, பழுது பார்க்கும் வேலை மும்முரமாக நடக்கும். பலகை பிரித்த மரப்படகு ஒன்றின் விலா எலும்பு மாதிரி வளைந்து நிற்கும் விலாக்கட்டைகளை முன்பக்கமிருந்து அண்ணாந்து பார்த்தபடி வரைந்தது. டீ டிகாக்ஷன் தடவிக் காயவைத்த தாளில் சார்கோல் (கரி), வெயில் பட்ட இடத்தில் மட்டும் கொஞ்சம் வெள்ளை அக்ரிலிக். 76 செ.மீ. உயரம், 56 செ.மீ. அகலம். இந்த அளவை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது அப்பாவின் லேத். அப்பா பார்த்துவிட்டு, "சென்டர் அவுட்டாயிருக்கேம்மா" என்றார். ஓவியத்தைப் பற்றி எனக்குக் கிடைத்த விமர்சனங்களில் இதற்கு இணை இல்லை. அவர் சொன்னது சரி. இரும்பைப் பிடித்துச் சுற்றும் வட்டமான 'சக்'கைச் சாய்வாகப் பார்த்தால் ஓவலாகத் தெரியும், அந்த ஓவலின் சின்ன அச்சு, சக்கைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டிலோடு ஒரே கோட்டில் போக வேண்டும், போகாவிட்டால் மெஷின் ஆடுவது மாதிரி இருக்கும். திருத்திக் காட்டினேன். "இப்ப ஓடும்" என்றார்.

அடுத்து போட்டோ. ஸ்டூடியோவில் கொடுத்தால் ஒழுங்காக இருக்கும் என்று நினைத்துப் படகுப் படத்தை எங்கள் பக்கத்து ஸ்டூடியோ ஒன்றில் கொடுத்தேன். ஃப்ளாஷ் அடித்து எடுத்தார்கள், அது போகட்டும். மறுநாள் ஃபைலை வாங்கிப் பார்த்தால் தாள் பளீரென்று வெள்ளை. "அழுக்கெல்லாம் எடுத்துட்டேன்மா" என்று அந்த அண்ணன் அவ்வளவு பெருமையாகச் சொன்னார். அழுக்கு இல்லை அண்ணா, அது டிகாக்ஷன், அதைத்தான் கஷ்டப்பட்டுத் தடவினேன் என்று சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத வராது. காசைத் திருப்பித் தரவில்லை.

பிறகு நானே மாடியில் எடுத்தேன். நேர் வெயில் வேண்டாம், காலை நேரத்து நிழல் போதும். படத்தைச் சுவரில் டேப் போட்டு ஒட்டி, போனைப் படத்தின் நடு உயரத்துக்குச் சாயாமல் பிடித்து, கிட்டே போகாமல் தள்ளி நின்று 2எக்ஸ் ஜூம் வைத்து எடுங்கள், கிட்டே போனால் ஓரங்கள் வளையும். ஓரத்தில் ஒரு வெள்ளை ஏ4 தாளையும் சேர்த்து எடுத்தால் நிறத்தைச் சரிசெய்ய வசதி, அப்புறம் வெட்டிவிடலாம். எனக்கு முதலில் எடுத்ததில் எல்லாம் இடதுபக்கம் லேசாகச் சிவப்பு தட்டியது, ஏன் என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். பக்கத்துக் கொடியில் அம்மாவின் சிவப்புப் புடவை. அதை எடுத்ததும் சரியாகிவிட்டது. இன்னொன்று, ஃபைலை யாருக்காவது வாட்ஸப்பில் அனுப்பினால் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், போட்டோவாக அனுப்பினால் நசுக்கிச் சின்னதாக்கிவிடும், விண்ணப்பத்தில் கேட்கும் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) அளவுக்கு அப்புறம் தேறாது.

இனி ஜன்னல். 'படங்கள் சட்டமிடப்பட்டிருக்க வேண்டும்' என்றுதான் விண்ணப்பத்தில் இருந்தது. சட்டம் என்றால் கண்ணாடியோடுதானே, அதுவும் சார்கோலுக்கு. மூன்றையும் கண்ணாடி போட்டு, பழைய பெட்ஷீட்டில் சுற்றி, மெட்ரோவில் கொண்டுபோக பயந்து ஆட்டோவுக்கு அழுது எடுத்துப் போனால், ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "கண்ணாடியா? எடுக்க மாட்டோம். அக்ரிலிக் ஷீட்" என்றார். கண்ணாடி மாதிரியே இருக்கும் பிளாஸ்டிக் தகடு அது. எங்கே சார் போட்டிருக்கு என்று கேட்டேன். நோட்டீஸ் போர்டைக் காட்டினார். போர்டு உள்ளே, அவர் முதுகுக்குப் பின்னால். கண்ணாடி உடைந்தால் படமும் கிழியும், ஆளுக்கும் கை கிழியும், காரணம் நியாயமானதுதான், ஆனால் அதை விண்ணப்பத்தில் ஒரு வரி போட்டிருந்தால் எனக்கு ஆட்டோ காசும் சட்டக் காசும் மிச்சம். ஆகவே கண்ணாடியா, ஷீட்டா, கொக்கி வேண்டுமா, கம்பி வேண்டுமா என்று போன் போட்டுக் கேட்காமல் சட்டம் போடக் கொடுக்காதீர்கள்.

ஷீட்டில் ஒரு சிக்கல் இருக்கிறது, அது எனக்கு மண்ணடியில் சட்டம் போடும் பாய் சொல்லித்தான் தெரியும். அக்ரிலிக் ஷீட்டைக் காய்ந்த துணியால் துடைத்தால் அதில் நிலைமின்சாரம் ஏறும், சார்கோல் தூளை அப்படியே தாளிலிருந்து இழுத்துக்கொள்ளும். நம்பாமல் ஒரு வேண்டாத படத்தை வைத்துச் செய்து காட்டச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் ஷீட்டின் உள்பக்கம் சாம்பல் பூத்தது போல மங்கலாகிவிட்டது, வயிறு கலங்கியது. பாய் அலட்டிக்கொள்ளவே இல்லை. படத்தைச் சுற்றி விளிம்பாக வரும் மவுண்ட் அட்டையை இரட்டையாக வைத்து, அதற்கும் ஷீட்டுக்கும் நடுவில் சட்டத்தின் உள்விளிம்பு மறைக்கிற இடத்தில் மெல்லிய மரப்பட்டி கொடுத்துத் தாளையும் ஷீட்டையும் தள்ளி வைத்தார். ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும் என்று மிரட்டி அனுப்பினார். கரி உதிராமல் பிடித்துவைக்கும் ஃபிக்ஸேட்டிவ் ஸ்ப்ரேயை அதற்கு முன்பே அடித்திருக்க வேண்டும், அதுவும் தூரத்தில் பிடித்து மெல்லிசாக, காயவிட்டு இன்னொரு தடவை. ஹாஸ்டல் பிள்ளைகள் சிலர் காசு மிச்சம் என்று ஹேர் ஸ்ப்ரே அடிக்கிறார்கள், நாளாக ஆக மஞ்சளாகும், பழக வேண்டாம்.

திரும்பிப் போனால் அதே ஆள், புதுக் கேள்வி. "இது பெயின்டிங்கா, டிராயிங்கா?"

மிக்ஸ்டு மீடியா சார் என்றேன். அப்படி ஒரு கட்டம் விண்ணப்பத்தில் இல்லையாம். பென்சில், கரி என்றால் டிராயிங், கலர் இருந்தால் பெயின்டிங். வெள்ளை கலரா இல்லையா என்று நாங்கள் இருவரும் ஜன்னல் வழியாகப் பேசிக்கொண்டிருந்ததைப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் ரசித்தார்களா எரிந்தார்களா தெரியாது. டீ கறை கலரா என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. அதற்குள் சாப்பாட்டு நேரம், ஜன்னலைச் சாத்திவிட்டார். வராண்டாவில் உட்கார்ந்து விதிமுறைத் தாளை மறுபடி படித்தபோது கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் கலவை ஊடகப் படங்கள் பெயின்டிங் பிரிவில் சேரும் என்று இருந்தது. அடிக்கோடு போட்டு வைத்துக்கொண்டேன். அவர் வந்து படித்துவிட்டு, "அட, ஆமா" என்றார். அவ்வளவுதான். விதிமுறைத் தாளை எப்போதும் பையில் வைத்திருங்கள், போனில் இருக்கும் பிடிஎஃபை அவர்கள் மதிப்பதில்லை, அச்சடித்த தாளுக்குத்தான் மரியாதை.

அளவு எழுதும்போது நான் 76 × 56 என்று எழுதியதை அடித்து 56 × 76 என்று மாற்றினார். ஓவியத்துக்கு உயரத்தை முதலில் எழுதுவதுதான் வழக்கம் சார் என்றேன். "நாங்க அகலத்ததாம்மா முதல்ல எழுதுவோம்" என்றார். அவர் ஆபீஸ், அவர் வழக்கம், விட்டுவிட்டேன்.

லேத் தேர்வாகவில்லை. அப்பாவுக்கு வருத்தம்தான், நடுவர்களில் யாருக்கும் மெஷின் வேலை தெரியாது என்று முடிவு கட்டிவிட்டார். கைகளும் படகும் தேர்வாயின. தொடக்க நாளில் அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். கைகள் நல்ல வெளிச்சத்தில் இருந்தது. படகைத் தேடித் தேடிப் பார்த்தால் படுக்கவைத்து மாட்டியிருக்கிறார்கள்! முன்பக்கம் கையெழுத்து இருக்கக் கூடாது என்பது விதி, ஆகவே எது மேல் என்று காட்ட ஒன்றுமில்லை, மாட்டியவர்கள் பட்டியலில் இருந்த 56 × 76-ஐ உயரம், அகலம் என்று படித்து அதன்படி மாட்டிவிட்டார்கள். கொக்கிகூடப் பக்கவாட்டுக்கு மாற்றி அடித்திருந்தது. அதைவிடக் கொடுமை, என் பக்கத்தில் நின்ற ஒருவர் கூட வந்தவரிடம் மீன் முள்ளை எவ்வளவு அழகாகப் போட்டிருக்கிறார்கள் பார் என்று விளக்கிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அப்பா கழுத்தைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "இன்னா, கவுந்துகிச்சா?" என்றார்.

சொல்லி மாற்றவைக்க முடிந்தது, ஆனால் அதற்கும் ஒரு கடிதம் எழுதித் தரச் சொன்னார்கள். நிமிர்த்தி மாட்டிய பிறகு கொஞ்ச நேரம் எதிரே நின்று பார்த்தேன். படுக்கையில் பார்த்துவிட்டதால் ஒரு விஷயம் புரிந்தது: கீழ்ப்பாதியில் விலாக்கட்டைகளுக்கு நடுவே இருக்கும் இருட்டு எல்லா இடத்திலும் ஒரே கறுப்பாக இருக்கிறது, அங்கே ஆழம் இல்லை. நிமிர்ந்து இருக்கும்போது கண் மேலே வெளிச்சத்துக்கு ஓடிவிடுவதால் நானே அதைக் கவனித்ததில்லை. இப்போது எந்தப் படத்தையும் முடித்தோம் என்று சொல்வதற்கு முன்னால் ஒரு தடவை பக்கவாட்டில் திருப்பிப் பார்த்துக்கொள்கிறேன்.

படங்களைத் திரும்ப வாங்கும்போது அசல் ரசீது கேட்பார்கள், ஜெராக்ஸை ஒத்துக்கொள்ள மாட்டார்கள், பத்திரமாக வையுங்கள். கெடு தாண்டினால் நாங்கள் பொறுப்பில்லை என்று ரசீதின் பின்னால் இருக்கிறது, அதையும் படியுங்கள். எனக்குப் படகின் ஷீட்டில் நீளமாக ஒரு கீறல் விழுந்து வந்தது. ஜன்னலில் காட்டினேன், கொடுக்கும்போதே இருந்திருக்கும் என்றார்கள். சண்டை போடத் தெம்பில்லை. நேராக மண்ணடிக்குப் போனேன். பாய் பார்த்துவிட்டு, மேல் ஓரமாகக் கிடக்கிற கீறல்தான் என்று சொல்லி, சட்டத்தைப் பிரித்து, ஷீட்டை மேலும் கீழுமாகத் திருப்பிப் போட்டார். கீறல் கீழ்ப்பக்கம் அகலமாக விட்டிருந்த மவுண்ட் அட்டைக்கு நேராகப் போய் படத்தைத் தொடாமல் நின்றது. துடைக்கத் துணியை எடுத்தவரிடம் ஈரத்துணிதானே பாய் என்று கேட்டேன். முறைத்தார். காசு வாங்கவில்லை.